தாகத்துக்கு யாரிடம் பர்மிஷன் வாங்கணும்?

போன செமஸ்டர் மாடல் எக்ஸாம். ப்ராசஸ் கன்ட்ரோல் பேப்பர். பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். எனக்கு முன்னாடி பெஞ்ச்ல இருந்த என் ஃப்ரெண்டு கையைத் தூக்கினாள்.

"மேம், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

மேம் வாட்ச்சைப் பார்த்தாங்க. "இன்னும் ஒன்றரை மணி நேரம்தானேம்மா, பொறுத்துக்க. உன்னை விட்டா அடுத்து எல்லாரும் கேப்பீங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். மேம் மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்களுக்கு மேலே இருந்து வந்த ரூல் அது. ஆனா அதுக்கப்புறம் அவள் எழுதியதைவிட உதட்டை நக்கியதுதான் அதிகம். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கூலர்கிட்ட ஓடினாள். ரெண்டு டம்ளர் குடித்தாள், "அப்பாடா" என்றாள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்கும்.

அந்த "அப்பாடா"தான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தது. குடித்த தண்ணீர் வயிற்றைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் முழுசாகக் கலந்து முடிய பத்து நிமிஷத்துக்கு மேலே ஆகும். ஒரு நிமிஷத்தில் அவள் ரத்தத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படித் தாகம் போச்சு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாகம் என்பது ஆசையோ சோம்பேறித்தனமோ எக்ஸாம் ஹாலைவிட்டு வெளியே போக ஒரு சாக்கோ கிடையாது. நம் உடம்பில் இருக்கும் மிகத் துல்லியமான அளவீடுகளில் ஒன்று அது. அந்த அளவீட்டை அடக்கி வை என்பதும் தப்பு, அது கேட்காதபோதே லிட்டர் லிட்டராக ஊற்று என்பதும் தப்பு. நம்ம காலேஜில் ரெண்டுமே நடக்கிறது.

முதலில் மெஷினைப் பார்த்துவிடலாம்.

ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் செறிவை உடம்பு ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 280 முதல் 295 மில்லிஆஸ்மோல். இதில் ஒன்று, இரண்டு சதவீதம் ஏறினாலே போதும், தாகம் எடுத்துவிடும். நம்ம லேபில் இருக்கும் சென்சாரில் ஒரு சதவீத மாற்றத்தை நம்பிக்கையாக எடுக்க நாம் படுகிற பாடு நமக்குத்தான் தெரியும். தாகம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னாடியே இன்னொரு வேலையும் ஆரம்பித்துவிடும். வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகத்திடம் "தண்ணியை வெளியே விடாதே" என்று சொல்லிவிடும். முதலில் செலவைக் குறைப்பது, அப்புறம்தான் வரவைத் தேடுவது. மாசக் கடைசியில் ஹாஸ்டலில் நாம் செய்வதும் அதேதான்.

இந்த அளவீடு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடித்த கதை நன்றாக இருக்கும். கேம்பிரிட்ஜில் எர்னஸ்ட் வெர்னி என்பவர் நாய்களின் கழுத்துத் தமனியில், மூளைக்குப் போகும் ரத்தத்தில், கொஞ்சம் உப்புக் கரைசலைச் செலுத்திப் பார்த்தார். நாய்களின் சிறுநீர் அளவு குறைந்தது. அப்படியானால் உப்பை அளக்கும் சென்சார் மூளைக்குள்தான் இருக்கணும் என்று 1947இல் எழுதினார். அடுத்து ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன். 1950களின் தொடக்கத்தில் இவர் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் பகுதியில் துளியூண்டு உப்புக் கரைசலை நேரடியாகவே வைத்தார். தண்ணீர் குடித்து முடித்து நின்ற ஆடுகள் மறுபடியும் தொட்டியில் வாயை வைத்துக் குடிக்க ஆரம்பித்தன. மின்தூண்டல் கொடுத்தபோதும் அப்படியே. உடம்புக்குத் தேவையே இல்லை, ஆனாலும் குடித்துக்கொண்டே இருந்தன.

இன்றைக்கு அந்த இடங்களுக்குப் பெயர் இருக்கிறது. சப்ஃபார்னிக்கல் ஆர்கன் என்று ஒன்று, ஓ.வி.எல்.டி. என்று ஒன்று. ரெண்டும் மூளையின் நடுவில், மூன்றாவது வென்ட்ரிக்கிளின் முன்சுவரில் இருக்கின்றன. மூளையின் மற்ற பகுதிகளை ரத்தத்திலிருந்து பிரிக்கும் தடுப்பு ஒன்று உண்டில்லையா, அது இந்த ரெண்டு இடத்திலும் இல்லை. டேங்குக்குள்ளேயே முங்கியிருக்கும் ப்ரோப் மாதிரி, ரத்தத்தை நேராகத் தொட்டுப் பார்க்கும் இடங்கள் இவை. உப்பு ஏறினால் இங்குள்ள நியூரான்கள் சுருங்கித் தூண்டப்படும். ரத்தத்தின் மொத்த அளவு குறைந்தால் சிறுநீரகம் தொடங்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் வந்து இதே இடத்தில் கதவைத் தட்டும். உப்பு ஏறியது ஒரு அலாரம், அளவு குறைந்தது இன்னொரு அலாரம். வியர்வை கொட்டக் கொட்ட விளையாடிவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் முதல் அலாரம் அணைந்துவிடும், ரெண்டாவது பாக்கி இருக்கும். உப்புப் போட்ட மோர் அந்த நேரத்தில் ஏன் அவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போட்டவர்களுக்கு ஆஞ்சியோடென்சின் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

2015இல் யுகி ஓகாவும் சார்ல்ஸ் ஸுக்கரும் எலிகளின் சப்ஃபார்னிக்கல் ஆர்கனில் ஒரு வகை நியூரான்களை ஒளியால் ஆன் செய்தார்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்த எலி, லைட் போட்ட சில விநாடிகளில் ஓடிப் போய்க் குடித்தது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வகையை ஆன் செய்தால், தாகத்தோடு இருந்த எலி குடிப்பதை நிறுத்திவிட்டது. ஆன் ஸ்விட்ச் ஒன்று, ஆஃப் ஸ்விட்ச் ஒன்று. தாகம் என்று நாம் சொல்கிற இவ்வளவு பெரிய உணர்வுக்கு இவ்வளவு சின்ன இடம்.

சரி, "அப்பாடா"வுக்கு வருவோம்.

இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1930களிலேயே நாய்களை வைத்து இதைக் கவனித்தார். தண்ணீர் இழந்த நாய் சில நிமிஷத்துக்குள் மடமடவென்று குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். அளந்து பார்த்தால், இழந்த அளவுக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ரத்தம் சரியாவதற்கு முன்பே அந்த நாய்க்குக் கணக்கு எப்படித் தெரிந்தது?

ப்ராசஸ் கன்ட்ரோல் படித்தவர்களுக்கு இது என்ன பிரச்சினை என்று உடனே புரிந்திருக்கும். டெட் டைம். வால்வைத் திறந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் சென்சாரில் மாற்றம் தெரியும் என்றால், வெறும் ஃபீட்பேக்கை நம்புகிற கன்ட்ரோலர் என்ன செய்யும்? "இன்னும் பத்தலை, இன்னும் பத்தலை" என்று திறந்துகொண்டே போகும். தகவல் வந்து சேரும்போது டேங்க் வழிந்திருக்கும். நம் மூளை வெறும் ஃபீட்பேக் கன்ட்ரோலராக இருந்திருந்தால், ஒவ்வொரு முறை தாகம் எடுக்கும்போதும் பத்து நிமிஷம் நிறுத்தாமல் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஸக்கரி நைட்டின் குழு, விழித்திருக்கும் எலிகளில் இந்தத் தாக நியூரான்களை நேரடியாகவே கவனித்தது. எலி தண்ணீரை நக்க ஆரம்பித்ததும் நியூரான்களின் செயல்பாடு இறங்கத் தொடங்கியது, ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அடங்கிப் போனது. ரத்தத்தில் அப்போது எந்த மாற்றமும் இல்லை. வாயும் தொண்டையும் "இவ்வளவு வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டன, மூளை அதை நம்பிக் கணக்கை முடித்துவிட்டது. இன்னொரு விஷயத்தையும் பார்த்தார்கள். குளிர்ந்த உலோகக் கம்பியை எலியின் நாக்கில் வைத்தால்கூட இந்த நியூரான்கள் அமைதியாகின. தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை, குளிர்ச்சி மட்டும்தான். மண்பானைத் தண்ணீர் ஏன் ரெண்டு மடக்கிலேயே தாகத்தைத் தீர்க்கிறது, ஐஸ்கட்டியை வாயில் போட்டால் ஏன் கொஞ்ச நேரம் தாங்குகிறது என்பது இப்போது புரிகிறது. சாப்பிடும்போது நேர் எதிர். எலி சாப்பிட ஆரம்பித்ததும், சாப்பாட்டின் உப்பு ரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே, தாக நியூரான்கள் எழுந்துவிட்டன. கேன்டீனில் பரோட்டா பாதி முடியும்போதே கை தண்ணி டம்ளரைத் தேடுகிறதே, அதுதான்.

அன்றைய எக்ஸாமில் பதிமூணு மார்க் கேள்வி ஸ்மித் ப்ரெடிக்டர். 1957இல் ஓட்டோ ஸ்மித் கொண்டுவந்த முறை. டெட் டைம் உள்ள ப்ராசஸுக்கு, கன்ட்ரோலருக்குள்ளேயே ப்ராசஸின் மாடல் ஒன்றை வைத்து, "இப்போ நான் கொடுத்த இன்புட்டுக்கு அவுட்புட் இப்படித்தான் வரும்" என்று முன்கூட்டியே கணித்து நடந்துகொள்வது. நிஜ அளவீடு தாமதமாக வந்ததும் கணிப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் திருத்திக்கொள்வது. இந்த ரெண்டாவது பாதியும் எலியின் மூளையில் இருக்கிறது. 2019இல் அதே நைட் குழு எலிகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தது. குடிக்கும்போது தாக நியூரான்கள் வழக்கம்போல அடங்கின, தண்ணீர்தானே என்று ஏமாந்தன. கொஞ்ச நேரத்தில் குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக "வந்தது நல்ல தண்ணி இல்லை" என்று சேதி போனதும், மறுபடி எழுந்துகொண்டன. வாய் சொல்வது கணிப்பு. குடல் சொல்வது முதல் திருத்தம். ரத்தம் சொல்வது கடைசித் தீர்ப்பு. ஸ்மித் படம் வரைந்து காட்டியதற்குப் பல கோடி வருஷத்துக்கு முன்பே இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்மித் ப்ரெடிக்டரின் ப்ளாக் டயக்ராமைப் பேப்பரில் வரைந்துகொண்டிருந்த என் ஃப்ரெண்டின் தலைக்குள் அதைவிட நல்ல ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதைத்தான் நாம் "பொறுத்துக்கம்மா" என்று உட்கார வைத்தோம்.

பொறுத்துக்கொண்டால் என்ன ஆகிவிடும், செத்தா போயிடுவோம் என்று கேட்பீர்கள். சாக மாட்டோம். ஆனால் தாகம் எப்படிப்பட்ட சிக்னல் என்று பாருங்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளின் தாக நியூரான்களை ஒளியால் தூண்டிவிட்டு, லீவரை அழுத்தினால் லைட் அணையும்படி வைத்தார்கள். தண்ணீரே கிடைக்காது, லைட் மட்டும்தான் அணையும். எலிகள் அதற்காகவே லீவரை அழுத்தின. அதாவது தாகம் என்பது தண்ணீர் இனிக்கும் என்ற ஆசை மட்டும் இல்லை. நிறுத்தினால் போதும் என்று தோன்றவைக்கும் ஒரு நச்சரிப்பு. நம் கவனத்தைப் பிடித்து இழுப்பதற்காகவே உண்டானது. அதை ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் லாப்லாஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் போடு என்றால்?

இதற்கு மனிதரிலும் ஒரு அளவு இருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 25 இளம்பெண்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உடல் எடையில் சராசரியாக 1.36 சதவீதம் தண்ணீர் குறைந்தபோது அவர்களுக்குத் தலைவலி கூடியது, மனநிலை மோசமானது, கவனம் சிதறியது, அதே வேலை கடினமாகத் தெரிந்தது. நியாயமாக மற்றதையும் சொல்லணும். சோதனைகளில் அவர்கள் எடுத்த மதிப்பெண் பெரும்பாலும் குறையவில்லை. எழுதிவிடலாம், ஆனால் எரிச்சலோடு எழுதுவோம்.

இப்போது மறுபக்கம். ஹாஸ்டலில் எங்க ஃப்ளோரில் ஒருத்தி ரெண்டு லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறாள். அதில் எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கோடு போட்டிருக்கும். மொபைலில் ஒரு ஆப், மணிக்கு ஒரு முறை சொட்டுச் சத்தம் போடும். தாகமே இல்லாமல் கோட்டைப் பார்த்துக் குடிப்பாள். "ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்டி, சயின்ஸ்" என்பாள்.

அப்படி ஒரு சயின்ஸ் இல்லை. டார்ட்மவுத்தைச் சேர்ந்த சிறுநீரக நிபுணர் ஹைன்ஸ் வால்டின் 2002இல் இந்த எட்டு டம்ளர் கணக்கின் மூலத்தைத் தேடிப் போனார். ஆரோக்கியமான ஆட்களுக்கு இதற்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது உண்மை. அதற்கு அடுத்த வரியிலேயே இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. அந்த அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. நாம் சாப்பிடும் சோற்றிலும் ரசத்திலும் இட்லியிலும் தண்ணீர்தான் பாதிக்கு மேல்.

தேவைக்கு மேல் ஊற்றுவது சும்மா வேஸ்ட் மட்டும் இல்லை, ஆபத்தாகவும் ஆகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே போயிருந்தது. ஓடும்போது உடல் எடை கூடியவர்களுக்குத்தான் இது அதிகம். ஓடினால் எடை குறையணும், கூடுகிறது என்றால் வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே போட்டியில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் சோடியம் குறைந்ததால் இறந்தே போனார். இந்த மாதிரி நேரத்திலும் மூளை எச்சரிக்கத்தான் செய்கிறது. போதுமான அளவுக்கு மேல் குடிக்கச் சொன்னால் ஒவ்வொரு மடக்கையும் விழுங்குவதே கஷ்டமாகிறது என்று ஆஸ்திரேலியாவில் 2016இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தையும் மீறி, ஆப் சொல்லுதே என்று விழுங்குகிறோம்.

தாகத்தை முழுசாக நம்பலாமா என்றால், எல்லாருக்கும் எப்போதும் இல்லை. வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும். 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்த 67 முதல் 75 வயது ஆண்கள், இளைஞர்களைவிடக் குறைவான தாகத்தையே உணர்ந்தார்கள், தண்ணீர் கிடைத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். வீட்டுக்குப் போனால் தாத்தாவிடம் "தாகமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். கொளுத்தும் வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்பவர்களுக்கும் தாகம் பின்தங்கும். நாய்களை ஆராய்ந்த அதே அடால்ஃப் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாலைவனத்தில் சிப்பாய்களைக் கவனித்தார். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் அவர்கள் வியர்த்த அளவுக்குக் குடிக்கவில்லை, சாப்பாட்டு வேளையில்தான் அந்தப் பாக்கி ஈடானது. ஏப்ரலில் கிரவுண்டில் என்.சி.சி. பரேடு நிற்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம்ம காலேஜில் உண்மையான பிரச்சினை இது எதுவும் இல்லை. இதைச் சொல்ல வருவதற்குத்தான் இவ்வளவு சுற்று. கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எலிகளைப் பற்றி இன்னும் ஒரே ஒரு ஆராய்ச்சி. தூங்கப் போகும் முன் எலிகள் தாகமே இல்லாமல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். உடம்பில் தண்ணீர்க் குறைச்சல் எதுவும் இருக்காது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2016இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மூளையின் நேரக் கடிகாரம், தாக நியூரான்களுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புகிறது. தூங்கும்போது குடிக்க முடியாது, இப்போதே சேர்த்துக்கொள் என்று. அதைத் தடுத்தால் தூக்கத்தின் முடிவில் எலிகளுக்குத் தண்ணீர் பற்றாக்குறை வந்துவிட்டது.

எலி வருவதை யோசித்துக் குடிக்கிறது. எங்க பில்டிங் பொண்ணுங்க வருவதை யோசித்துக் குடிக்காமல் இருக்கிறோம்.

மூணாவது மாடி லேடீஸ் ரெஸ்ட்ரூமில் மதியம் ரெண்டு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சுத்தம் செய்கிற அக்காவிடம் கேட்டேன். "காலைல ஒரு வாட்டி மோட்டார் போடுவாங்கம்மா, அதோட சரி. மத்தியானத்துக்குள்ள டேங்க் காலி. நான் கீழேர்ந்து பக்கெட்ல எத்தனை தடவதான் தூக்குறது?" அவங்க கேட்பது நியாயம்தான்.

அதனால் என்ன நடக்கிறது? காலையில் ஹாஸ்டலில் காபியோடு சரி. பாட்டிலில் தண்ணீர் எடுத்துவருவோம், மாலையில் முக்கால்வாசி அப்படியே திரும்பிப் போகும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருகிற டே ஸ்காலர்கள் இன்னும் மோசம். என் கிளாஸ் பொண்ணுங்களிடம் "பீரியட்ஸ் நாள்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "அன்னைக்கு லீவு போட்டுருவேன்" என்று ஒருத்தி சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எக்ஸாமில் கையைத் தூக்கிய என் ஃப்ரெண்டு இந்த செமஸ்டரில் ரெண்டு முறை யூரின் இன்ஃபெக்ஷனுக்கு மாத்திரை சாப்பிட்டாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு குடிக்கிறே?" ரெண்டாவது, "அடக்கி வைப்பியா?" ரெண்டுக்கும் அவள் என்ன பதில் சொல்வாள்? ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி இந்தத் தொற்று வந்துகொண்டிருந்த 140 பெண்களை ஒரு வருஷம் கவனித்த ஆய்வு 2018இல் வந்தது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு வருஷத்தில் சராசரி 1.7 தடவை தொற்று வந்தது. பழையபடியே குடித்தவர்களுக்கு 3.2 தடவை. எட்டு டம்ளர் கட்டாயமில்லை என்று மேலே சொன்ன நானே இதையும் சொல்லியாகணும். ஏற்கெனவே குறைவாகக் குடித்துக்கொண்டு, தொற்றும் வருகிறவளுக்கு இது வேற கணக்கு.

நாங்கள் தாகத்தை உணராதவர்கள் இல்லை. சென்சார் சரியாக வேலை செய்கிறது, கன்ட்ரோலர் சரியாக வேலை செய்கிறது, சிக்னல் டாண்ணு வருகிறது. குழாயில் தண்ணீரும் கதவில் தாழ்ப்பாளும் இல்லாததால் நாங்கள் அதை மேனுவலாக ஓவர்ரைடு செய்கிறோம். தினமும்.

"பசங்களுக்கும்தான் ரெஸ்ட்ரூம் மோசம், இதுல என்ன பொண்ணுங்க பிரச்சினை?" என்று எடிட்டோரியல் மீட்டிங்கிலேயே ஒருத்தன் கேட்டான். மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனா உங்களுக்கு கிரவுண்டுக்குப் பின்னாடி ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கு. அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

2019இல் கேரளப் பள்ளிகளில் "வாட்டர் பெல்" வந்தது. மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்கணும். அப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் மறந்துவிடுவார்கள், அவர்களுக்கு நல்ல யோசனைதான். நம்ம காலேஜிலும் அதுபோல ஒன்று கொண்டுவரலாமா என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வயசில் நமக்கு மணி அடிக்க வேண்டாம், மண்டைக்குள்ளேயே ஒன்று அடிக்கிறது. அதைக் கேட்டு எழுந்து போக வழி விடுங்கள், போன இடத்தில் தண்ணீர் வரட்டும். ரெஸ்ட்ரூமைச் சரி செய்யாமல் மூணு தடவை மணி அடித்தால், மூணு தடவை குடிப்பது போல நடிப்போம். அதில் நமக்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

எக்ஸாம் ஹாலில் லேபிள் கிழித்த ட்ரான்ஸ்பரன்ட் பாட்டிலை மேஜை மேல் வைத்துக்கொள்ள விடுவதில் என்ன நஷ்டம்? பிட் எழுதி ஒட்டுவார்கள் என்றால், பாட்டிலை வாசலிலேயே வாங்கிப் பாருங்கள். கெமிஸ்ட்ரி லேபிலும் மெஷின்ஸ் லேபிலும் பாட்டில் கூடாது என்பது சரியான ரூல், அதை மாற்றச் சொல்லவில்லை. வெளியே ஒரு ரேக் வையுங்கள், கேட்டால் ரெண்டு நிமிஷம் அனுப்புங்கள். கம்ப்யூட்டர் லேபில் கீபோர்டு மேல் கொட்டிவிடும் என்ற பயத்துக்கும் அதே ரேக் போதும்.

டேங்க் விஷயத்துக்கு நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்ம டிபார்ட்மென்ட் லேபில் லெவல் கன்ட்ரோல் செட்டப் ஒன்று இருக்கிறது. ரெண்டு டேங்க், ஒரு லெவல் ட்ரான்ஸ்மிட்டர், ஒரு கன்ட்ரோல் வால்வு. வருஷா வருஷம் ஒவ்வொரு பேட்ச்சும் அதில் லெவலை அம்பது சதவீதத்தில் பிடித்து, கிராஃப் போட்டு, ரெக்கார்டில் ஒட்டி, கையெழுத்து வாங்குகிறோம். அந்த லேபுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் இருக்கும் டேங்க் தினமும் மதியம் காலியாகிறது. ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், ஒரு ரிலே, ஒரு கான்டாக்டர். பர்த்டே ட்ரீட்டுக்கு நாம் செலவழிக்கும் காசுதான் ஆகும்.

இதை இந்த வருஷ மினி ப்ராஜெக்ட்டாகச் செய்ய நாங்கள் மூணு பேர் ஹெச்.ஓ.டி.யிடம் லெட்டர் கொடுத்திருக்கிறோம். "ஐ.ஓ.டி. ஏதாவது சேர்த்துக்கங்க, அப்பதான் ரிவ்யூல நல்லா இருக்கும்" என்றார். சேர்த்துக்கொள்கிறோம் சார். மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் கையெழுத்து இன்னும் பாக்கி. தாழ்ப்பாளுக்கும் பாட்டிலுக்கும் தனியாக ஒரு லெட்டர் எழுதி, மூணாவது மாடி வாட்டர் கூலர் பக்கத்தில் க்ளிப் போர்டில் மாட்டியிருக்கிறேன். பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துவிடுவேன். தண்ணி குடிக்க வரும்போது ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.